அடிமை முறை ஒழிந்தது சரி, அப்புறம்? 1865-க்குப் பிந்தைய அமெரிக்காவை வகுப்பில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அடிமை முறையை உயர்நிலைப் பள்ளியில் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் 1865-இல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். லிங்கன் கையெழுத்துப் போட்டார், எல்லோரும் விடுதலை, அடுத்த பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங். நடுவில் 90 வருடம் காணாமல் போகிறது. "அப்பவே விடுதலை கிடைச்சிடுச்சுன்னா 1955-ல பஸ் சீட்டுக்கு எதுக்குப் போராட்டம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் "இனவெறி" என்ற ஒற்றைச் சொல்லோடு சமாளிக்க வேண்டியதுதான். அந்தச் சொல் தப்பில்லை, ஆனால் அது எதையும் விளக்குவதில்லை.

இந்த வழிகாட்டி அந்த நடுப்பகுதிக்கானது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, 45 நிமிடப் பீரியட் ஏழு கிடைத்தால் நிதானமாக முடிக்கலாம். அவ்வளவு கிடைக்காதவர்களுக்குக் கடைசியில் ஒரு வழி சொல்கிறேன். முறை எளிமையானது: வாக்குறுதி கொடுத்த காகிதத்தையும் அதைத் திருப்பி வாங்கிய காகிதத்தையும் பிள்ளைகள் கையில் ஒன்றாகக் கொடுப்பது, இரண்டுக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள் என்று அவர்களையே தேட விடுவது. எந்தக் காகிதத்தை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பாடமே இருக்கிறது, அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. வகுப்புக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டியவை

ஏழு ஆவணங்கள் வேண்டும். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. அடிமை முறையை ஒழித்த 13-வது அரசமைப்புத் திருத்தம். டெக்சாஸில் 1865 ஜூன் 19-இல் வாசிக்கப்பட்ட பொது ஆணை எண் 3. தென் மாநிலங்கள் பிரிந்ததால் வந்த உள்நாட்டுப் போரில் வட தரப்புத் தளபதியான ஜெனரல் ஷெர்மனின் 15-வது கள ஆணை. தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் விடுதலையான மக்கள் 1865 அக்டோபரில் எழுதிய கடிதம். ஜோர்டன் ஆண்டர்சன் தன் பழைய எஜமானருக்கு எழுதிய கடிதம். மிசிசிப்பி மாநிலத்தின் 1865 நவம்பர் சட்டங்கள். லூசியானாவின் 1898 வாக்குரிமை விதி.

ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆவணத்தையும் தூக்கிக் கொடுத்தால் இரண்டாவது பத்தியிலேயே கொட்டாவி வந்துவிடும். சுருக்கும்போது நிபந்தனை வாசகங்களை மட்டும் வெட்டாதீர்கள். புதிதாக நடத்துகிறவர்கள் 'சட்ட மொழி, பிள்ளைகளுக்குப் புரியாது' என்று முதலில் வெட்டுவது அதைத்தான். பாடம் முழுக்க அந்த வாசகங்களில்தான் இருக்கிறது.

தென் மாநிலங்களின் வரைபடம் ஒன்றும், சுவரில் ஒட்ட நீளமான சார்ட் பேப்பர் ஒன்றும் தேவை. வன்முறை பற்றிய பகுதி வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய ஆவணங்களில் வரும் இழிசொற்களை வகுப்பில் யாரும் உரக்கப் படிக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே விதியாக வைத்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஏலம் விடுவது மாதிரி, எஜமான்–அடிமை மாதிரி நடிக்க வைக்கும் விளையாட்டு வேண்டாம். சுவாரசியமாக இருக்கும் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் வகுப்பு சிரிப்பில் போய்விடும், அல்லது ஒரு பிள்ளை காயப்பட்டு உட்கார்ந்திருக்கும். நம் வகுப்பறைகளில் யாரை எந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே தனி விவகாரம், அது எந்த ஆசிரியருக்கும் தெரியாததல்ல.

2. முதல் பீரியட்: சட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள்

ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள் கொடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "நாளைக் காலையிலிருந்து நீ யாருக்கும் சொந்தமில்லை. கையில் காசில்லை, குடியிருக்கும் குடிசை எஜமானருடையது, உன் தங்கையைப் பல வருடத்துக்கு முன்பே வேறு மாநிலத்தில் விற்றுவிட்டார்கள். உனக்கு என்னென்ன வேண்டும்?"

பத்து நிமிடம் எழுதட்டும். பிறகு சொல்லச் சொல்லி கரும்பலகையில் எழுதுங்கள். பணம், வீடு, வேலை, சாப்பாடு, தங்கையைத் தேடுவது, படிப்பு, அடிக்காமல் இருப்பது என்று வரும். நகரத்துப் பிள்ளைகளுக்கு நிலம் கடைசியில்தான் தோன்றும், சில சமயம் தோன்றவே தோன்றாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எழுதுவார்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள்.

எல்லாவற்றையும் ஆறு கட்டங்களாகச் சேர்த்துச் சார்ட்டில் எழுதுங்கள்: நிலம், கூலி, குடும்பம், படிப்பு, ஓட்டு, உயிர்ப் பாதுகாப்பு. அடுத்த ஆறு பீரியடும் இந்தச் சார்ட் சுவரில் இருக்க வேண்டும்.

ஏன் இப்படித் தொடங்க வேண்டும்? திருத்தங்களில் தொடங்கினால், சட்டம் எதைக் கொடுத்ததோ அதுதான் விடுதலை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். தேவையில் தொடங்கினால் ஒவ்வொரு சட்டத்தையும் அந்தத் தேவையை வைத்து அளப்பார்கள்.

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சவானா நகரத்துக்குப் போங்கள். 1865 ஜனவரி 12. ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டேன்டனும் 20 கறுப்பினத் திருச்சபைத் தலைவர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லோர் சார்பிலும் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர். தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கியவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பிள்ளைகள் தங்கள் பட்டியலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

3. இரண்டாவது பீரியட்: இரண்டு நிறப் பென்சில்

இப்போது சட்டம். 13-வது திருத்தத்தையும் பொது ஆணை எண் 3-ஐயும் கொடுத்து, வாக்குறுதி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே நீலத்திலும், நிபந்தனை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே சிவப்பிலும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

பொது ஆணை எண் 3 இதற்கென்றே எழுதியது போல இருக்கும். கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்டது. முதல் பாதியில் எல்லா அடிமைகளும் விடுதலை, பழைய எஜமானருக்கும் அவர்களுக்கும் முழுச் சமத்துவம், இனி உறவு முதலாளிக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவு. இரண்டாம் பாதியில், இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் சோறு போட மாட்டார்கள். தாள் பாதி நீலம், பாதி சிவப்பு. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சம்பளமில்லாமல் உழைத்த ஜனங்களிடம் 'சும்மா உட்காராதே' என்று சொல்வதில் உள்ள அபத்தத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

13-வது திருத்தத்தில் சிவப்புக் கோடு ஒன்றுதான் விழும்: குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர. இதை இப்போது விளக்க வேண்டாம். "இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி நாள் தேவைப்படும்" என்று சொல்லிச் சார்ட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

இந்தப் பீரியடில் வழக்கமாக இரண்டு தவறு நடக்கும். 1863 ஜனவரி 1-இன் விடுதலைப் பிரகடனம் எல்லோரையும் விடுவித்தது என்று சொல்லிவிடுவது ஒன்று. அது ஒன்றியத்திலிருந்து பிரிந்து கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான். அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசௌரி அதில் இல்லை. இன்னொன்று, ஜூன்டீன்த் எனக் கொண்டாடப்படும் 1865 ஜூன் 19-இல் அடிமை முறை முழுவதும் ஒழிந்தது என்பது. கென்டக்கியிலும் டெலவேரிலும் அது சட்டப்படி செல்லாமல் போனது திருத்தம் 1865 டிசம்பர் 6-இல் உறுதியான பிறகுதான். எல்லாத் தேதியையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. விடுதலை ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் வரவில்லை என்பது தெரிந்தால் போதும்.

4. மூன்றாவது பீரியட்: நிலம்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இது. வரைபடத்தை விரியுங்கள். சவானா சந்திப்பு நடந்து நான்கே நாளில், ஜனவரி 16-இல், ஷெர்மன் 15-வது கள ஆணையைப் போடுகிறார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே இருந்த தீவுகள், ஆற்றோரத்தில் கைவிடப்பட்ட நெல் வயல்கள் (ஆமாம், நெல்தான், தென் கரோலினா கடற்கரையின் பணப் பயிர் அது), கடலிலிருந்து 30 மைல் உள்ளே வரை, ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரைக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். அந்தப் பட்டையைப் பிள்ளைகளே பென்சிலால் நிழலிடட்டும். மொத்தத் தென் மாநிலங்களில் அது எவ்வளவு சிறியது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

'எல்லோருக்கும் 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் கொடுப்பதாகச் சொன்னார்கள்' என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஆணையில் கழுதை கிடையாது. அது பிறகு வழக்கில் வந்தது. எல்லோருக்கும் என்பதும் கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஏறக்குறைய 40,000 பேர் சுமார் 4 லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். தலைக்கு 10 ஏக்கர். அப்போது விடுதலையானவர்கள் மொத்தம் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அதாவது நூற்றில் ஒருவருக்குத்தான் அந்த நிலம்.

அந்த நூற்றில் ஒருவரிடமும் அது தங்கவில்லை. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். கிளர்ச்சி செய்த நிலவுடைமையாளர்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். 1865 அக்டோபரில் இந்தச் செய்தியைச் சொல்ல எடிஸ்டோ தீவுக்குப் போனவர் ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்ட். விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் தலைவரே அவர்தான். போரில் வலது கையை இழந்தவர். பழைய எஜமானர்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார்.

இப்போது எடிஸ்டோ கடிதம். நீங்களே மெதுவாக வாசியுங்கள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் போரில் இழந்தது ஒரு கையைத்தான், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் அம்மாவையும் அக்காவையும் துணி உரிந்து அடித்தவன், அவன் சொல்கிற விலைக்கு அவனுக்காகப் பயிர் செய்தால்தான் காலியாகக் கிடக்கும் குடிசையில் இருக்க விடுவேன் என்பவன், எனக்கு நிலமிருந்தால் தன் பக்கமே வரமாட்டேன் என்று தெரிந்தே நிலம் என் கைக்கு வராமல் மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்தவன். அவனை என்னால் மன்னிக்க முடியாது. இந்தப் பொருளில் போகும் கடிதம் அது.

வாசித்ததும் உடனே கேள்வி கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: நிலம் இருந்தால் அவர்கள் பழைய எஜமானிடம் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று கடிதத்தில் எந்த வரி சொல்கிறது? நிலத்தைப் பிடுங்கியது ஏன் என்பதற்கான பதில் அந்த வரியில் இருக்கிறது. பருத்திக்கும் நெல்லுக்கும் ஆள் வேண்டும், சொந்த நிலம் உள்ளவன் ஆளாக வரமாட்டான்.

5. நான்காவது பீரியட்: ஒரு கடிதம், ஒரு சட்டம்

ஜோர்டன் ஆண்டர்சனின் கடிதத்தை முதலில் கொடுங்கள், மிசிசிப்பி சட்டத்தை இரண்டாவதாக. மாற்றினால் வகுப்பு சோர்ந்துபோகும், கடிதத்தின் குத்தலும் எடுபடாது.

ஆண்டர்சன் டென்னசியில் அடிமையாக இருந்து, விடுதலையாகி ஒஹாயோவின் டேட்டனில் குடியேறியவர். பழைய எஜமானர் திரும்பி வேலைக்கு வரச் சொல்லி எழுதுகிறார். 1865 ஆகஸ்ட் 7 தேதியிட்டு ஆண்டர்சன் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பதில் இது, அப்போதே செய்தித்தாள்களில் வந்தது. வருகிறேன், ஆனால் உங்கள் நேர்மையைச் சோதிக்க ஒன்று கேட்கிறேன், பழைய பாக்கியை அனுப்புங்கள் என்கிறார். தான் உழைத்தது 32 வருடம், மனைவி மேண்டி 20 வருடம். தனக்கு மாதம் 25 டாலர், மனைவிக்கு வாரம் 2 டாலர்.

தொகையை மறைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 9,600-உம் 2,080-உம் சேர்த்து 11,680 டாலர். கடிதத்தில் உள்ள தொகையும் அதேதான். விடை ஒத்துப்போகும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும் பாருங்கள். வட்டியும் சேர்க்கச் சொல்கிறார். உடைக்கும் மருத்துவருக்கும் பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். பெருந்தன்மை!

புதிய ஆசிரியர்கள் சிரிப்போடு நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பத்தி வரை போங்கள். அந்தப் பக்கத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏதாவது திறந்திருக்கிறார்களா என்று கேட்கிறார். தன் மகள்களை இளம் எஜமானர்களிடமிருந்து யார் காப்பாற்றுவார்கள் என்றும் கேட்கிறார். சுவரில் உள்ள ஆறு கட்டங்களில் இந்த ஒரே கடிதம் எத்தனையைத் தொடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

பிறகு மிசிசிப்பி சட்டம், மூன்றே மாதம் கழித்து வந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டால் அந்த வருடம் அதுவரை உழைத்த கூலியும் போச்சு. நகர எல்லைக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. வேலை இல்லாதவர் 'நாடோடி'. அபராதம் 50 டாலர் வரை. ஐந்து நாளில் கட்டாவிட்டால் அபராதத்தை யார் கட்டுகிறாரோ அவரிடம் ஷெரிஃப் வேலைக்கு அனுப்பிவிடுவார். ஆதரிக்க ஆளில்லாத பிள்ளைகளை 'தொழில் பழக' ஒப்படைக்கும்போது முன்னுரிமை பழைய எஜமானுக்கே.

வேலை: ஆண்டர்சன் மிசிசிப்பியில் இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத முடியுமா? எந்தப் பிரிவு தடுத்திருக்கும்? குழுவாக விவாதிக்கட்டும். எதிர்வினையாக நாடாளுமன்றம் 1866-இல் குடிமை உரிமைச் சட்டத்தை ஜான்சனின் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது, 1868-இல் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தரும் 14-வது திருத்தம் வந்தது என்பதை இந்த இடத்தில் சொன்னால்தான் அந்தத் திருத்தம் எதற்கு வந்தது என்று புரியும்.

6. ஐந்தாவது பீரியட்: பற்று நோட்டு

நிலம் இல்லை, கூலி கொடுக்க நிலவுடைமையாளரிடம் ரொக்கமும் இல்லை. அதனால் வந்ததுதான் வாரச் சாகுபடி. வாரத்துக்குப் பயிரிடுவது என்றால் என்னவென்று நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை, தாத்தாவைக் கேட்டால் சொல்வார். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. விதைப்பிலிருந்து அறுவடை வரை குடும்பம் சாப்பிட வேண்டுமே? கடையில் கடன், ஈடு வருகிற பருத்தி.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். எண்கள் வகுப்புக்காக நான் உருவாக்கியவை, அதையும் சொல்லிவிடுங்கள்.

முதல் வருடம் 8 பேல் பருத்தி, பேல் 500 பவுண்டு, பவுண்டு 10 சென்ட். மொத்தம் 400 டாலர். குடும்பத்தின் பங்கு 200. கடையில் வாங்கிய மாவு, உப்புக்கறி, துணியின் ரொக்க விலை 130 டாலர். ஆனால் கடன் விலை ஒன்றரை மடங்கு, 195. மருத்துவருக்கு 10. ஆக 205. வருடக் கடைசியில் 5 டாலர் பாக்கி.

இரண்டாம் வருடம் அதே உழைப்பு, அதே விளைச்சல், அதே செலவு. பருத்தி விலை மட்டும் 8 சென்ட். பங்கு 160. கடன் 205, பழைய பாக்கி 5. இப்போது 50 டாலர் பாக்கி. மூன்றாம் வருடத்தை 6 சென்ட் விலைக்குப் பிள்ளைகளே போடட்டும்: பங்கு 120, கடன் 255, பாக்கி 135. உண்மையிலேயே 1890-களில் சில ஆண்டுகள் விலை 6 சென்ட்டுக்கும் கீழே போனது.

அப்புறம் கேளுங்கள்: "எங்கே மாற்றினால் இந்தக் குடும்பம் தப்பிக்கும்?" பருத்திக்குப் பதில் சோளம் போடலாம் என்பார்கள். கடைக்காரர் பருத்திக்குத்தான் கடன் தருவார். வேறு கடைக்குப் போகலாம் என்பார்கள். அடகு இந்தக் கடையில். நோட்டைச் சரிபார்க்கலாம் என்பார்கள். நோட்டு எழுதுவது கடைக்காரர். படிக்கத் தெரிந்தாலும் வழக்காடக் கோர்ட்டு யாருடையது? ஒவ்வொரு கதவாக அவர்களே தட்டிப் பார்க்க வேண்டும், நீங்கள் முன்கூட்டியே 'தப்பிக்கவே முடியாது' என்று சொல்லிவிட்டால் கணக்கு வெறும் கணக்காகிவிடும். முடியவே முடியாது என்பதும் உண்மையில்லை. நிலம் வாங்கியவர்களும் இருந்தார்கள், 1879-இல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கான்சாஸுக்குக் கிளம்பினார்கள். வெள்ளை ஏழைகளிலும் பலர் இதே கடன் வலையில் இருந்தார்கள் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.

7. ஆறாவது பீரியட்: சாதித்ததைத் தாண்டிப் போகாதீர்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. துயரத்திலிருந்து துயரத்துக்குத் தாவினால், 'பாவம், அவர்களால் முடியவில்லை' என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். விடுதலையானவர்கள் ஆளத் தெரியாமல் கெடுத்தார்கள் என்று அமெரிக்கப் பாடப் புத்தகங்களே பல பத்தாண்டுகள் எழுதிவந்த பொய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும் முடிவு அது.

1867-இல் நாடாளுமன்றம் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை நிபந்தனையாக்கியது. 1870-இல், இனத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15-வது திருத்தம். பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் ஒரு காலத்தில் செனட்டராக இருந்த அதே மிசிசிப்பியிலிருந்து 1870-இல் ஹிராம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். அதே வருடம் தென் கரோலினாவின் ஜோசஃப் ரெய்னி மக்களவைக்கு. ஊர் மட்டத்திலிருந்து செனட் வரை அந்தக் காலத்தில் பதவி வகித்த கறுப்பினத்தவர் 1,500-க்கு மேல். அந்த ஆட்சிகள்தான் தெற்கில் பல இடங்களில் முதன்முதலாக அரசுப் பள்ளி முறையைக் கொண்டுவந்தன. கறுப்பினத்தவரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 1870-இல் நூற்றுக்கு 80. 1900-இல் 45-க்கும் கீழே. நிலமும் இல்லாமல், கடனும் கழுத்தை நெரிக்க, நடந்த காரியம் இது.

ஒரு ஆளைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமானால் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே மாதம் விடியும் முன் அடிமையாக இருந்தபோதே தென் தரப்புப் படையின் 'பிளான்டர்' கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தவர். பிற்பாடு ப்யூஃபர்ட் ஊரில் தன் பழைய எஜமானரின் வீட்டையே வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இவர் கதைக்கு எந்த வகுப்பும் தூங்காது.

வீட்டுப் பாடமாகக் குடும்பக் கட்டத்தைக் கொடுங்கள். விற்கப்பட்ட அம்மாவையும் பிள்ளைகளையும் தேடி, விடுதலையானவர்கள் செய்தித்தாள்களில் பல பத்தாண்டுகள் விளம்பரம் கொடுத்தார்கள். ஒரு விளம்பரத்தைப் படித்து, அதில் உள்ள பெயர், ஊர், எஜமானர் விவரங்களை வைத்து அந்தக் குடும்பம் எப்படிச் சிதறியது என்று ஒரு கோட்டுப் படம் வரையட்டும்.

8. ஏழாவது பீரியட்: எப்படிப் பறித்தார்கள்

மூன்று வழியாகப் பிரித்துக் காட்டுங்கள். ஒன்றாகக் குழப்பினால் 'வெறுப்பு' என்ற ஒரு சொல்லில் எல்லாம் கரைந்துவிடும்.

ஆயுதம். 1866 மே மாதம் மெம்ஃபிஸில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர், பள்ளிகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. 1873 ஈஸ்டர் அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரில் பலர் சரணடைந்த பிறகும் கொல்லப்பட்டனர். படங்கள் காட்ட வேண்டாம், குறிப்பாகத் தூக்கிலிட்ட புகைப்படங்கள். படத்தைப் பார்த்த பிள்ளைக்கு அதன் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

நீதிமன்றம். கோல்ஃபாக்ஸ் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை 1876-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 14-வது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதரை அல்ல என்பது வாதம். அடுத்த வருடமே, இழுபறியான தேர்தலில் ஹேய்ஸ் குடியரசுத் தலைவராகி, தெற்கில் கறுப்பினத்தவர் பங்கேற்ற ஆட்சிகளுக்குத் துணை நின்ற கடைசிப் படைகளையும் விலக்கிக்கொண்டார்.

காகிதம். லூசியானாவின் 1898 விதியைக் கொடுங்கள். ஓட்டுப் போட எழுத்தறிவோ சொத்தோ வேண்டும். ஆனால் 1867 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்கு முன்போ நீயோ உன் அப்பாவோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருந்தால் அது தேவையில்லை. விதியில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. ஏன் அந்தத் தேதி? ஆறாவது பீரியடில் பார்த்ததை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெற்கில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு வந்த சட்டம் 1867 மார்ச். பிறகு எண்ணைக் காட்டுங்கள்: லூசியானாவில் பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1896-இல் 1,30,334, 1900-இல் 5,320.

கடைசிப் பத்து நிமிடம் சார்ட்டின் ஓரத்தில் எழுதிவைத்த அந்த வாசகத்துக்கு. நாடோடிச் சட்டம் குற்றவாளியாக்கும், 13-வது திருத்தம் குற்றவாளியிடம் கட்டாய உழைப்பை அனுமதிக்கும், மாநிலம் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விடும். அலபாமாவில் இது 1928 வரை நடந்தது. இரண்டாம் பீரியடில் சிவப்புக் கோடு போட்ட தாளைத் திரும்ப எடுக்கச் சொன்னால் போதும், விளக்கத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

9. கட்டாயம் வரும் கேள்விகள்

"நஷ்ட ஈடு கொடுத்தாங்களா சார்?" கொடுத்தார்கள், உடைமையாளர்களுக்கு. வாஷிங்டன் நகரில் 1862-இல் ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை. பிரிட்டன் தன் பேரரசின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தது. இதைக் கேட்டதும் ஆண்டர்சனின் 11,680 டாலரை யாராவது நினைவுபடுத்துவார்கள்.

"நம்ம ஊர்ல?" நல்ல கேள்வி, ஆனால் நடுவில் அதற்குள் போகாதீர்கள், இரண்டு பாடமும் அரைகுறையாகும். மொரீஷியஸில் அடிமை முறை ஒழியும் தறுவாயில் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு, இந்தியாவுக்கான அடிமை முறைச் சட்டம் 1843-இல் வந்தது என்று மட்டும் சொல்லி, தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். அதே ஆறு கட்டங்களை அங்கேயும் பயன்படுத்தலாம்.

"வெள்ளைக்காரங்க எல்லாருமே கெட்டவங்களா?" இல்லை என்று ஒற்றை வரியில் முடிக்காமல், பள்ளி நடத்தத் தெற்கே போன வடமாநில ஆசிரியைகளையும், மறுப்பை மீறிச் சட்டம் போட்ட உறுப்பினர்களையும் காட்டுங்கள், அவர்களும் 1877-க்குள் எப்படிக் களைத்து விலகினார்கள் என்பதையும் சேர்த்தே.

10. மதிப்பெண் போடுவது

தேதி கேட்காதீர்கள். ஆறு கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: யார் வாக்குக் கொடுத்தார், எந்தக் காகிதத்தில், அதைத் திருப்பி வாங்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, வாங்கினாரா, அந்த மக்கள் அதற்கு என்ன செய்தார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். ஆவணத்தின் ஒரு வரியையாவது சுட்டிக்காட்டாத பதிலைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லலாம். 'கொடுமையானது', 'மனிதாபிமானமற்றது' என்று பக்கத்தை நிரப்பியிருப்பார்கள். மனசு நல்லதுதான், மதிப்பெண் கிடையாது.

11. இரண்டே பீரியட்தான் கிடைக்கும் என்றால்

சிலபஸ் முடியவில்லை என்ற நெருக்கடி எல்லோருக்கும் தெரியும். முதல் பீரியடில் வெற்றுத் தாள் கேள்வியைப் பத்து நிமிடத்தில் முடித்து, பொது ஆணை எண் 3-ஐயும் மிசிசிப்பி சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நிறக் கோடு. இரண்டாவதில் பற்று நோட்டுக் கணக்கு 20 நிமிடம், ரெவல்ஸும் ஸ்மால்ஸும் 10 நிமிடம், லூசியானாவின் விதியும் இரண்டு எண்களும் மிச்ச நேரத்துக்கு. எடிஸ்டோ கடிதத்தையும் ஆண்டர்சன் கடிதத்தையும் ஒரே தாளில் முன்பின்னாக ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். ஆண்டர்சன் பக்கத்தில் மொத்தத் தொகை இருக்கும் வரியை வெள்ளை மையால் மறைத்துவிட்டு.